யார் கொடுத்த பலி?

2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. சென்னையில் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது போனில் செய்தி வந்தது. பட்டாசு ஆலை வெடி விபத்து, இத்தனை பேர் பலி. மாலைக்குள் அந்த எண் மாறிக்கொண்டே இருந்தது. எங்க ஊர்க்காரனுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 38 பேர். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். எண்ணும் ஊர்ப்பெயரும் மாறும், "பலி" மட்டும் மாறாது.

அந்தச் சொல்லைப் பத்திரிகைக்காரர் யோசிக்காமல் எழுதுகிறார், அதை மன்னித்துவிடலாம். யோசித்தே சொல்கிறவர்களோடுதான் என் சண்டை.

சில வருஷத்துக்கு முன்னால் சித்தியோடு ஒரே ஆலையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் இறந்துபோனார். துக்க ஆராதனையில் போதகர் ஐயா உருக்கமாகப் பேசினார். கிறிஸ்து நமக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல இந்தத் தாயும் பிள்ளைகளுக்காகத் தன்னையே பலியாகக் கொடுத்தாள் என்றார். சபையே அழுதது. வெளியே வந்ததும் சித்தி என்னிடம் கேட்டாள்: "அவ எங்கடா குடுத்தா? சனிக்கிழமை சம்பளம் வாங்கலாம்னுல்ல போனா."

ஒரு பிரசங்கத்தை இரண்டு வரியில் கவிழ்த்துவிட்டாள் சித்தி.

எங்க பக்கம் குலசாமிக்குக் கிடா வெட்டும்போது முதலில் அதன் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா தலையை உலுக்கினால்தான் உத்தரவு. உலுக்காவிட்டால் அரிவாள் காத்திருக்கும், ஆளும் காத்திருப்பார். அது சம்மதமா, காதில் தண்ணீர் போன கூச்சமா என்பது வேறு விஷயம். ஆட்டிடம்கூடக் கேட்பதுபோல ஒரு பாவனையாவது உண்டு. மருந்து செலுத்தும் அறையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் யார் தண்ணீர் தெளித்தது?

பலி என்றால் கொடுப்பவர், கொடுக்கப்படுவது, பெறுபவர் என்று மூன்று பேர் வேண்டும். சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வது, கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் ஒருவரே என்பது. அதனால்தான் எபிரெயர் நிருபம் "ஒரேதரம்" என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆட்டு இரத்தத்தை வருஷா வருஷம் கொண்டுவர வேண்டியிருந்ததே அது வேலைக்கு ஆகவில்லை என்பதற்குச் சாட்சி என்பது அதன் வாதம். ஒருதரம் நடந்தது, முடிந்தது, இனி பலிபீடம் காலி. புதிய உடன்படிக்கை என்பதன் மையமே இதுதான். அப்படியிருக்க, சிவகாசியில் வருஷா வருஷம் நடப்பதற்கு அதே பெயரை வைக்கும் போதகர் தன் சொந்த இறையியலையே மறுக்கிறார். ராக்லண்ட் கூடாரம் போட்டுச் சுற்றிய ஊர்கள் இவை, 1858இல் அவர் இறந்ததும் சிவகாசியில்தான். பட்டாசுத் தொழிலுக்கு முன்பே சுவிசேஷம் வந்த மண்ணில், இவ்வளவு காலம் கழித்தும், மூடிய பலிபீடத்தை நாமே திறந்து வைக்கிறோம்.

அடுத்து "நிவாரணம்". தமிழ் வேதாகமத்தில் குற்றநிவாரண பலி என்று ஒன்று வரும், லேவியராகமத்தில். அடுத்தவனை ஏமாற்றியவன், பறித்தவன் என்ன செய்ய வேண்டும்? பறித்ததை முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக. கொடுக்க வேண்டியது இழந்தவனிடம். கடா அதோடு சேர்ந்துதான் வரும், அதற்குப் பதிலாக வராது. நம் ஊரில் நிவாரணம் முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து வருகிறது. குற்றம் ஒருவருடையது, காசு ஊருடையது. அச்சங்குளம் விஷயத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டது. லேவியராகமத்துக்குப் பக்கத்தில் வந்தது தீர்ப்பாயம். பிரசங்க மேடை வரவில்லை.

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் ஒரு முட்டுகிற மாடு உண்டு. முதல் தடவை முட்டிக் கொன்றால் மாட்டுக்கு மட்டும் தண்டனை. அது முட்டும் என்று முன்பே தெரிந்து, எச்சரித்தும் கட்டிப்போடாமல் விட்டவனுக்கோ மரண தண்டனை, அல்லது உயிருக்கு ஈடாகக் கேட்ட தொகை. எங்க ஊர் மாடு முட்டும் என்பது யாருக்குத் தெரியாது? லைசென்ஸ் ஒருவர் பெயரில், ஆலை குத்தகையில் இன்னொருவர் கையில். அறையில் அனுமதித்ததைவிட அதிகம் பேர். இடம் போதாமல் மரத்தடியில் வேலை. தீபாவளி ஆர்டர் அவசரம். கடைசியில் செய்தியில் வருவது "உராய்வு". உராய்வு கொம்பின் நுனி மட்டும். எங்கள் கம்பெனியில் சர்வர் பத்து நிமிஷம் படுத்தால் ஏன் படுத்தது என்று ஐந்து பக்கம் எழுத வைப்பார்கள். "உராய்வு" என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் மேனேஜர் சிரிப்பார்.

இதெல்லாம் பழைய ஏற்பாடு, புதியது மன்னிப்பைப் பற்றியது என்பார்கள். புதிய உடன்படிக்கை என்ற சொல்லைக் கொடுத்தவரே எரேமியாதான். நியாயப்பிரமாணத்தைக் கிழித்துப் போடுவதாக அவர் சொல்லவில்லை, அது இருதயத்தில் எழுதப்படும் என்கிறார். அதே புத்தகத்தில், கூலி கொடுக்காமல் வேலை வாங்கி அரண்மனை கட்டும் ராஜாவைக் கிழிக்கிறார். சகேயு வீட்டுக்கு இயேசு போனபோதும் சகேயு வெறும் கண்ணீர் விடவில்லை. ஏமாற்றியிருந்தால் நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். ஐந்தில் ஒரு பங்கு நாலு மடங்கு ஆனதுதான் புதிய ஏற்பாடு.

என் முற்போக்கு நண்பர்களிடமும் ஒரு கேள்வி. எல் சால்வடாரில் 1989இல் கொல்லப்பட்ட யேசு சபை குரு இக்னாசியோ எயாகுரியா ஏழைகளை சிலுவையில் அறையப்பட்ட மக்கள் என்றார். அறைந்தது யார் என்று சேர்த்துக் கேட்டவர் அவர். நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துப் போஸ்டர் அடிக்கிறோம். செத்தவருக்கு ஒளிவட்டம் கொடுப்பது லேசு, குத்தகைப் பத்திரத்தில் யார் கையெழுத்து என்று கேட்பதுதான் கஷ்டம். சபைக் கட்டட நிதிக்கு நன்கொடை தருகிற கையாகவும் அது இருக்கலாமே.

போதகரும் ஆறுதல் சொல்லத்தான் பேசினார், தெரியும். அழுகிற பிள்ளைகள் முன்னால் வேறு என்ன பேசுவது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அந்த அக்கா கொல்லப்பட்டாள், அது தேவசித்தம் அல்ல, அதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஆறுதல்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சித்தி நற்கருணை எடுக்கவில்லை. போதகர் வீட்டுக்கே வந்து காரணம் கேட்டார். காபி கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்: "ஐயா, அன்னைக்கு மைக்குல சொன்னத மைக்குலயே மாத்திச் சொல்லுங்க. நான் வாரேன்."

காபியைக் குடித்துவிட்டுப் போனார். இன்னும் சொல்லவில்லை.