ரத்தப் பரீட்சை யார் பொறுப்பு?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல ஆண்டுகளாக அமலிலிருந்த ஒரு மருந்துக் கட்டுப்பாடு 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ரத்து செய்யப்பட்டது. க்ளோஸபின் என்னும் மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் ரத்தப் பரீட்சை முடிவு ஒரு பொதுப் பதிவேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலன்றி மருந்துக் கடைக்காரர் மருந்தைக் கொடுக்கலாகாது என்பதே அக்கட்டுப்பாடு. இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயமென்று ஒதுக்கிவிடுவது தவறு. மருந்தின் தீங்கினின்றும் நோயாளியைக் காப்பது யார் பொறுப்பு, அதன் செலவை யார் ஏற்பது என்ற ராஜீயப் பிரச்னையே இதில் அடங்கியிருக்கிறது.

மனச்சிதைவு நோய் கண்டு, வேறு மருந்துகளால் பலனடையாதவர்களுக்குக் க்ளோஸபினே பெரிய நம்பிக்கை. 1988-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், அத்தகையவர்களுள் நூற்றுக்கு 30 பேர் இம்மருந்தால் தேறினர். பழைய மருந்தாகிய குளோர்ப்ரோமஸினால் தேறியவர்கள் நூற்றுக்கு 4 பேரே. ஆனால் இதே மருந்து மிகச் சிலருக்கு ரத்தத்தின் வெள்ளணுக்களை அழித்துவிடுகிறது. அவை அற்றுப்போன உடலில் சாதாரணத் தொண்டைப் புண்ணும் எமனாக முடியலாம். 1975-ல் பின்லாந்து தேசத்தில் இவ்வாறு பலர் மாண்டனர். அதன்பின் பல நாடுகளில் இம்மருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது.

அதனை மீட்டுத் தந்தது ரத்தப் பரீட்சையே. வாரந்தோறும் வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டுமென்ற நிபந்தனையின் பேரில் 1989-ல் அமெரிக்க சர்க்கார் க்ளோஸபினுக்கு அனுமதி அளித்தனர். அபாயம் பெரும்பாலும் முதல் 18 வாரங்களில் நேருகிறது. ஜுரம் காணுமுன்னரே எண்ணிக்கை குறையத் தொடங்குவதைக் கண்டு மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். ஆகவே இந்த மருந்தில் பாதி மாத்திரை. மற்றப் பாதி பரீட்சை.

இதை நன்குணர்ந்த ஸாண்டோஸ் கம்பெனியார் 1990-ல் செய்த காரியம் யாது? மருந்தையும் பரீட்சையையும் ஒரே கட்டாகக் கட்டி, வருஷத்திற்குச் சுமார் 9,000 டாலர் என்று விலை கூறினர். பரீட்சையை மட்டும் வேறிடத்தில் குறைந்த செலவில் செய்துகொள்ள வழியில்லை. பல மாகாண சர்க்கார்கள் வழக்குத் தொடுத்தன; கம்பெனியாரும் அவ்வேற்பாட்டைக் கைவிட நேர்ந்தது. உயிர்காக்கும் எச்சரிக்கையும் வியாபாரச் சரக்காகி விடுமென்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

பின்னர் வந்த பதிவேட்டு முறையிலோ வேறுவிதத் தொல்லை தோன்றியது. தஸ்தாவேஜு தாமதத்தால் மருந்து கிடைக்காமற் போனவர்கள் உண்டு. திடீரென்று மருந்து நின்றால் நோய் மீண்டும் கிளம்பும். இரண்டு நாட்களுக்கு மேல் தவறினால் சிறிய அளவிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். 2024 நவம்பரில் கூடிய நிபுணர் சபையில் 14 பேர் இம்முறை வேண்டாமென்றும் ஒருவர் வேண்டுமென்றும் வாக்களித்தனர். ஒழிந்தது பதிவேடுதான், பரீட்சை அவசியம் என்ற யோசனை இன்னும் நிற்கிறது. இந்த வேற்றுமையை மறந்து, பரீட்சையே தேவையில்லை என்று எவரும் பொருள் கொள்ளலாகாது.

பரீட்சை மட்டும் போதுமென்று எண்ணுவதும் மயக்கமே. க்ளோஸபின் குடலின் இயக்கத்தைத் தளர்த்திக் கடுமையான மலச்சிக்கலை உண்டாக்கி உயிருக்கே ஊறு செய்யக்கூடும் என்று 2020-ல் அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தனர். வெள்ளணு எண்ணிக்கை இதனைக் காட்டாது. நோயாளியைக் கேட்டறியும் வைத்தியரே காண முடியும்.

நம் தேசத்திற்கு இதில் என்ன பாடம்? க்ளோஸபினை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. இது நாம் பெருமைப்படத்தக்க விஷயம். ஆனால் பாதி மருந்தை மலிவாக்கி மற்றப் பாதியை ஏழையின் தலையில் சுமத்தினால் அப்பெருமை நிலைக்குமா? லிதியம், மெதொட்ரெக்ஸேட், வார்பரின் முதலியவற்றுக்கும் இடைவிடாத ரத்தப் பரீட்சை வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கூலியை இழந்து பரீட்சைக்காக வெகுதூரம் செல்லவேண்டிய தொழிலாளி என்ன செய்வான்? பரீட்சையை விடுவான், அல்லது மருந்தை விடுவான்.

ஆதலால் சர்க்கார் வைத்தியசாலையில் இத்தகைய மருந்து எங்கே கொடுக்கப்படுகிறதோ அங்கேயே, அதே நாளில், கட்டணமின்றிப் பரீட்சையும் நடைபெற வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். மருந்துகளின் தீய விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010 முதல் நடந்து வருகிறது. 1800-180-3024 என்ற எண்ணில் நோயாளியே முறையிடலாம். இதை ஊர்தோறும் எடுத்துச் சொல்வது பொது ஊழியர்களின் கடமை. மருந்துச் சீட்டு பெறும் ஒவ்வொருவரும் ‘இதற்கு என்ன பரீட்சை? எப்பொழுது? எங்கே?’ என்று மூன்று கேள்விகள் கேட்கட்டும். கேட்கும் ஜனங்களுக்குப் பதில் சொல்லாமல் எந்த ராஜாங்கமும் நெடுநாள் இருக்க முடியாது.