நலம் நாடுவோம்: வைத்தியர் கேட்டால் ஒளிக்கலாமா?



இந்த நாட்டில் வைத்தியரிடம் போனால் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "உங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் இருந்தது?" என்பது. சலரோகம், பிறஷர் என்றால் சொல்லிவிடுவோம். புற்றுநோய் என்றால் வாய் திறக்க மாட்டோம். பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம்!

லண்டனில் எமக்குத் தெரிந்த ஒருவர் மலத்துடன் இரத்தம் போகிறது என்று வைத்தியரிடம் போனார். மொழிபெயர்க்கக் கூட்டிப்போனது தனது 15 வயது மகளை. "தகப்பன் எப்படி இறந்தார்?" என்று வைத்தியர் கேட்டார். பிள்ளைக்கு முன்னால் என்னத்தைச் சொல்வது? "மாரடைப்பு" என்று சொல்லிவிட்டார். உண்மையில் தகப்பனும் பெரியப்பாவும் 45 வயதைக் காணாமலே குடலில் கட்டி வந்து இறந்தவர்கள். பல மாதங்களின் பின் கமரா விட்டுப் பார்த்தபோதுதான் பெருங்குடல் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு கட்டிகள் இருப்பது தெரியவந்தது.

இது ஓர் அரிய பரம்பரை நோய். 'பமிலியல் அடினோமற்றஸ் பொலிப்போசிஸ்', சுருக்கமாக எவ்.ஏ.பி. என்பார்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. ஆண், பெண் என்ற பேதமில்லை. பதின்ம வயதில் கட்டிகள் முளைக்கத் தொடங்கும். தொடக்கத்தில் அவை புற்றுநோய் அல்ல. நோவும் இராது. ஆனால் அப்படியே விட்டால் 40 வயதளவில் ஏதோ ஒன்று புற்றுநோயாக மாறுவது அநேகமாக நிச்சயம். அன்று மொழிபெயர்த்தாளே அந்தப் பிள்ளை, அவளுக்கும் அதே சரிபாதி வாய்ப்பு இருக்கிறது!

பத்துக் கட்டி என்றால் கமராவுடன் ஒரு கம்பிவளையம் விட்டு அறுத்து எடுக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் முடியாது. ஆகவே பெருங்குடலையே எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் 15 முதல் 25 வயதுக்குள் இதைச் செய்வார்கள்.

சத்திரசிகிச்சை முக்கியமாக இரண்டு விதம். மலக்குடலில் கட்டிகள் குறைவென்றால் அதை விட்டுவைத்து, சிறுகுடலை அதனுடன் பொருத்துவார்கள். மிஞ்சிய மலக்குடலிலும் கட்டி வரலாம் என்பதால் வருடாவருடம் கமரா விட்டுப் பார்க்கவேண்டும். கட்டிகள் அதிகமென்றால் மலக்குடலையும் எடுத்து, சிறுகுடலின் நுனியை மடித்து உள்ளே ஒரு பை செய்து ஆசனவாயுடன் இணைப்பார்கள். இந்த முறையை லண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையின் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1978இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் மலக்குடலை எடுத்தவர்களில் அநேகர் வயிற்றுக்கு வெளியே பை கட்டியே சீவித்தார்கள். இப்போதும் சிலருக்குப் புண் ஆறும்வரை சில மாதங்கள் வெளிப்பை தேவைப்படும்.

பெருங்குடல் இல்லாமல் சாப்பிடலாம், வேலைக்குப் போகலாம், கலியாணமும் செய்யலாம். மலங்கழிக்க மட்டும் ஒரு நாளில் பல தடவை போகவேண்டி வரும். உட்பை சத்திரசிகிச்சை பெண்களுக்குக் கருத்தரிப்பதைச் சற்றுக் கடினமாக்கலாம். இதை முன்னரே வைத்தியரிடம் கேட்டுப் பேசுங்கள். பின்னரும் சிறுகுடலின் மேற்பகுதியில் கட்டிகள் வரலாம். எனவே ஆயுள் முழுவதும் பரிசோதனை வேண்டும்.

இதே சென்ற் மார்க்ஸில் 1924இல் இந்நோயுள்ள குடும்பங்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கினார்கள். ஒருவருக்கு நோய் என்றால் அவருடைய சகோதரங்களையும் பிள்ளைகளையும், வருத்தம் காட்டுமுன்னரே அழைத்துப் பார்ப்பார்கள். அப்படி வந்தவர்களிடையே புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. இந்நோய்க்குக் காரணமான மரபணு 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. குடும்பத்தில் ஒருவருக்கு அதில் எங்கே பிழை என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும். பிழை இல்லாத பிள்ளைக்கு இந்நோய்க்கான பயமும் இல்லை, கமராவும் இல்லை.

ஆனால் எமது குடும்பங்கள் எங்கே? அண்ணன் கனடாவில், தங்கை பாரிஸில், அக்கா யாழ்ப்பாணத்தில்... ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேராவிட்டால் யாருக்கு லாபம்? உறவினருக்குக் கொடுப்பதற்கென்றே மரபணுப் பிரிவில் கடிதம் எழுதித் தருவார்கள். வாங்கி அனுப்புங்கள்.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். கேட்டால் இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

இன்றே ஊருக்குத் தொலைபேசி எடுத்து, யார் யார், எத்தனை வயதில், என்ன வருத்தத்தில் இறந்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஊருக்கு ஒளிக்க விரும்பினால் ஒளியுங்கள். வைத்தியருக்கும் சொந்த இரத்தத்துக்கும் ஒளிக்காதீர்கள்!