கைக்கெட்டும் கரும்பலகை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடந்தால் அன்று மாலைக்குள் உச்ச விலை, சராசரி விலை, வரத்து என எல்லாமே செய்தியாகிவிடும். இந்த வாரமும் அப்படித்தான். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலம் போடியிலும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது நாடே பேசியது. முந்தைய ஆண்டின் வெள்ளம், பிறகு வந்த வறட்சி என்று காரணங்கள் அலசப்பட்டன. அந்தக் காயைப் பறிக்கும் பெண்களின் பிள்ளைகள் அன்று பள்ளியில் என்ன கற்றார்கள் என்பது மட்டும் எந்தத் தாளிலும் வருவதில்லை. எரிச்சல் இதுதான்.

காயெடுப்புக் காலத்தில் போடியின் காலை இருட்டிலேயே தொடங்குகிறது. சாப்பாட்டுத் தூக்கோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்திருக்கிறார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் மாலையில்தான் இறங்குகிறார்கள். அம்மா கிளம்பும்போது பிள்ளை தூக்கத்தில் இருக்கும். தலைவாரி விடுவது அக்காவோ அப்பத்தாவோதான்.

இப்படிப்பட்ட வீடுகளுக்குக் காலை உணவுத் திட்டம் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லித் தீராது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் அது தொடங்கியபோது முதல் கட்டமாக 1,545 பள்ளிகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் 237 மலைப்பகுதிப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று வந்தது. வயிறு நிறைந்த பிள்ளைதான் முதல் மணிக்கு நிமிர்ந்து உட்காரும்.

முதல் மணியில் பாட்டு. பிறகு கதை. 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிந்து, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியைச் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே அறையில், சுவரின் அடிப்பாகத்தில், அலமாரிக்குப் பின்னாலோ புதுப் பெயின்ட்டுக்கு அடியிலோ ஒரு கறுப்புப் பட்டை மறைந்துபோகிறது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஏலக்காய் விலை கிடக்கட்டும். பிள்ளைகள் எழுதும் அந்தக் கீழ்க்கரும்பலகையைப் பற்றி மறுபடியும் பேசியே ஆக வேண்டும்.

அது வந்த கதை இது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமக் கல்வி மையத்தில் உருவான அட்டைவழிக் கற்பித்தலைச் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007–08இல் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். சுவரில் ஏணிப்படம் தொங்கியது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. காலப்போக்கில் அட்டைகள் கிழிந்தன, ஆசிரியர்களுக்கு வேலைச்சுமை கூடியது, முறையும் படிப்படியாக மாறியது. மாறியதில் தவறில்லை. ஆனால் அந்த முறை விட்டுச் சென்ற மிகச் சிறந்த பொருள் சுவரோடு சுவராக இருந்த கரும்பலகைதான்.

பிள்ளையின் தோள் உயரத்தில் ஓடிய அந்தப் பட்டையில் ஆளுக்கு ஓரிடம் இருந்தது. மேலே பெயர், கீழே அவரவர் எழுத்து. ஆசிரியரின் பலகைக்கு முன்னால் ஒருவரை நிற்க வைத்தால் நாற்பது கண்கள் அவர் முதுகில் குத்தும். இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்து எழுதுவதால் அந்தப் பயம் இல்லை. ‘ழ’வின் சுழியை ஒருத்தி தவறான பக்கம் இழுத்தால், பக்கத்தில் எழுதுகிறவள் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். நோட்டில் விழுந்த சிவப்புக் கோடு மறுநாளும் இருக்கும். சுவரில் செய்த பிழை அந்தக் கணமே போய்விடும். ஆசிரியரும் அறையை ஒருமுறை சுற்றி வந்தாலே யாருக்கு எது வரவில்லை என்று கண்டுகொள்வார்.

பயமின்றித் தானே செய்து பார்த்தால் பிள்ளை கற்கும் என்ற நம்பிக்கைக்கு வேர் குஜராத்தியில் 1932இல் வந்த ‘பகல் கனவு’. நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகத் தமிழிலும் கிடைக்கிற சின்னப் புத்தகம். எழுதிய கிஜுபாய் பதேகா வக்கீலாக இருந்தவர். தன் மகனைப் படிக்க வைக்க வழி தேடியபோது மாண்டிசோரியின் எழுத்தைக் கண்டு, தொழிலை விட்டு, பாவ்நகரில் 1920இல் பாலர் பள்ளி தொடங்கினார். பிள்ளைகள் அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்றார்கள். புத்தகத்தில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஓராண்டுச் சோதனைக்காகக் கேட்டு வாங்குகிறார். முதல் நாள் அமைதிப் பயிற்சி கொடுக்கிறார், வகுப்பு கூச்சலில் முடிகிறது. அடுத்த நாள் கதை சொல்கிறார், வகுப்பு அவர் வசமாகிறது. கதையிலிருந்து வாசிப்பும், விளையாட்டிலிருந்து ஒழுங்கும், நாடகத்திலிருந்து மொழியும் வளர்கின்றன. மேலதிகாரிக்கும் சக ஆசிரியர்களுக்கும் அவர் ஒவ்வொரு நாளும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை படிக்க வேண்டிய புத்தகம் இது.

போடிப் பிள்ளைகளின் சுவரில் எழுதக் கணக்குக்கா பஞ்சம்? பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ ஸ்டோர் எனும் உலர்த்தும் கூடத்தில் காய்ந்தால் ஒரு கிலோ. அம்மா எடுத்த காய் காய்ந்தால் எவ்வளவு நிற்கும்? வகுத்தல் அங்கேயே வந்துவிடுகிறது. சல்லடையில் 6, 7, 8 மில்லிமீட்டர் என்று காய் தரம் பிரிவதில் அளவும் வரிசையும் இருக்கின்றன. குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்துப் பிள்ளை மழையை நாளுக்கு நாள் குறித்து வைத்தால் அதுவே பட்டியலும் படமும் ஆகும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஜீப்பில் போகும் தாய்மாருக்கும் அதில் இடமுண்டு. அவர்களிடமும் தலைமை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கோடை விடுமுறையில் வெள்ளையடிக்க ஆள் வரும்போது கூடவே நில்லுங்கள். தரையை ஒட்டிய அந்தப் பட்டைக்குக் கரும்பலகைப் பெயின்ட்டையே அடிக்கச் சொல்லுங்கள். அலமாரியை வேறு சுவருக்கு நகர்த்துங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அதில் எழுதிக் கொடுங்கள்.