கடற்கரை அடுப்பும் ஜப்பான் அடுப்பும்

செங்கற்பட்டு என்றால் ஏரியும் ரயில் ஜங்ஷனும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. இப்போது பரனூர்த் தொழில் நகரமும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. பக்கத்து ஒரகடத்தில் 2010-ல் நிஸ்ஸான் மோட்டார்த் தொழிற்சாலை திறந்தது முதல் இந்தப் பிரதேசத்தில் ஜப்பானியரைக் காண்பது ஓர் அதிசயமல்ல. மனிதர் வந்தால் அவருடைய அடுப்பும் பின்னாலேயே வந்துவிடும் அல்லவா? சென்னையில் ஜப்பானியச் சுடுகறி உணவுச்சாலைகள் தோன்றியிருக்கின்றன. நமது குடும்பஸ்தர்களும் குழந்தை குட்டிகளுடன் அங்கே போய் வருகிறார்கள்.

இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் விருந்தாளிகள் பெரிய இரும்புத் தட்டைச் சுற்றி உட்கார, சமையற்காரர் அவர்கள் கண்ணெதிரே மாமிசத்தையும் காய்கறியையும் வாட்டிக் கொடுக்கிறார். கரண்டியைச் சுழற்றி வித்தை காட்டுவதும் உண்டு. இதற்குத் தெப்பன்யாகி என்று பெயர். புராதன ஜப்பானியக் கலை என்று எண்ணி யாரும் கைகூப்பிவிட வேண்டாம். 1945-ல் கோபே நகரத்து ஹோட்டல் ஒன்றில் தோன்றியது என்பார்கள். மாட்டிறைச்சியே அந்நாட்டில் வெகுகாலம் விலக்கப்பட்ட பொருள். 675-ல் தெம்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, கோழி முதலியவற்றைத் தின்னலாகாது என்று கட்டளையிட்டார். 1872-ல் மெய்ஜி சக்கரவர்த்தி தாமே மாட்டிறைச்சி உண்டதாகப் பிரசித்தமான பிறகுதான் ஜனங்களின் தயக்கம் நீங்கியது.

நமக்குப் பிடித்தது இரண்டாவது ஜாதியான கரியடுப்புத்தான். வாகயாமா பகுதியில் ஒருவகைக் கருவாலி மரத்தைச் சுட்டு ‘பிஞ்சோதான்’ என்னும் கரி செய்கிறார்கள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் வெண்கலம்போல் கணீரென்று ஒலிக்கும். புகை மிகக் குறைவு. நெடுநேரம் ஒரே சீராகக் கனலும். மீனுக்கு உப்பைத் தவிர வேறு மசாலை இல்லை. மிளகாய்க்கும் மல்லிக்கும் பழகிய நாக்கு முதல் வாயில் சற்றுத் திகைக்கும்; மூன்றாவது வாயில் மீனின் சொந்த ருசி தெரிய ஆரம்பிக்கும்.

ஆனால் இது நமது கரைக்குப் புதிதா? சிறுபாணாற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இதே கரையில் இருந்த எயிற்பட்டினத்தில், அலை ஒதுக்கிய வாசனை மரங்கள் தூங்கும் ஒட்டகங்களைப்போல் கிடந்தனவாம். நுளைமகள் அவற்றை விறகாக்கித் தீ மூட்டினாள். அவ்வழியே போகும் பாணர்களுக்குச் சுட்ட குழல்மீன் வீடுதோறும் கிடைத்தது. அகில் விறகுக்கு முன்னால் பிஞ்சோதான் எம்மட்டு! இன்று மாமல்லபுரத்துக் கடற்கரைச் சிற்றுண்டிச் சாலைகளிலும் வஞ்சிரமும் இறாலும் வாட்டித் தருகிறார்கள். மீனவர் குப்பத்து அடுப்பென்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் கனவான்கள், அதே பண்டத்தை ஜப்பானியப் பெயருடன் கண்ணாடிச் சாலையில் பன்மடங்கு விலைக்குக் கொண்டாடுவதைப் பார்க்க நமக்குச் சிரிப்பாகவும் வருகிறது, கோபமாகவும் வருகிறது.

எதிர்த் திசையிலும் ஓர் அடுப்பு போயிருக்கிறது. 1915-ல் ஆங்கில சர்க்காருக்குத் தப்பி ஜப்பான் சேர்ந்த ராஷ் பிஹாரி போஸுக்கு, டோக்கியோவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடையை நடத்திய சோமா தம்பதிகள் தஞ்சம் அளித்தார்கள். பின்னர் தங்கள் மகள் தோஷிகோவையும் மணம் செய்து கொடுத்தார்கள். ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குப் போயிருந்த ‘கறி’யைக் கண்டு மனம் பொறாத போஸ், நம் நாட்டுக் கறியை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1927 முதல் அது நாகமுராயாவில் பரிமாறப்படுகிறது.

மரக்கறி உண்ணும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கத்தரிக்காயும் காளானும்தானே என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. சூப்பிலும் குழம்பிலும் சேரும் ‘தாஷி’ என்னும் சாறு பெரும்பாலும் உலர்ந்த சூரை மீனில் இறக்கியது. இனிப்புக்குச் சேர்க்கும் ‘மிரின்’ அரிசி மது. ஒரே இரும்புத் தட்டில் இறைச்சிக்குப் பின் காளான் புரள்வதும் சகஜம். முன்கூட்டியே கேட்டுவிடுவதில் வெட்கமில்லை. புத்த மடங்களில் கடற்பாசியும் காளானும் கொண்டே அந்தச் சாற்றைத் தயாரிக்கும் முறை ஒன்று அவர்களிடமே உண்டு, சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

குழந்தைகளிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். விளையாட்டாகச் சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவிடக் கூடாது. ஜப்பானியர் வீட்டில் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள்.