சித்திரத்துக்குப் புள்ளி இல்லை

பர்மியர் தங்கள் மரபுக் கைவினைகளைப் 'பத்துப் பூக்கள்' என்பார்கள். ஓவியம், சிற்பம், கடைசல், வெண்கல வார்ப்பு, பொன் வேலை, இரும்பு வேலை, அரக்கு வேலை, சுதை, கல் வேலை, கட்டட வேலை. அழகான பெயர். ஆனால் யாங்கூனில் ஒரு பிள்ளை உயர்நிலைப் பள்ளியைத் தாண்டும் ஆறு பாடப் பரீட்சையில் ஒரு பூவுக்கும் இடமில்லை. 1993இல் அங்கே பண்பாட்டுப் பல்கலைக்கழகம் திறந்தார்கள். வாசலைக் கட்டிவிட்டு வழியை மறந்த கதை. புள்ளி இல்லாத பாடத்தை எந்தப் பிள்ளை படிக்கும்?

நாம் சிரிக்க வேண்டாம். நாமும் அதே பரீட்சையைத்தான் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம். பனியிலும் டியூஷனுக்கு ஓட்டுகிறோம். பிள்ளை தூரிகையை எடுத்தால், "இது சோறு போடுமோ?" என்கிறோம்.

1964இல் ரங்கூன் தமிழரின் கடைகள் அரசுடைமையாயின. கப்பலேறியவர்களிடம் நகையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் தச்சனிடமிருந்து உளி பிடிக்கும் கையை எந்தச் சுங்கக்காரனும் பறிக்க முடியவில்லை. அகதிக்கு இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும்?

2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது யாங்கூன் தெருக்களில் இளைஞர்கள் ஓவியத்தால் எதிர்த்தார்கள். பள்ளி புள்ளி போடாத கலை அன்று ஊருக்கு வாயானது.

வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் நம் கையில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரம் களிமண்ணுக்கும் வண்ணத்துக்கும் ஒதுக்க எந்த அரசின் அனுமதியும் வேண்டாம். நம் அனுமதி மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை.