பயிற்சி மாதங்களுக்கும் இலவசக் கல்வி நீள வேண்டும்

1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா நடைமுறைக்குக் கொண்டுவந்த இலவசக் கல்வி, எத்தனையோ குறைகளோடும் எண்பது ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வாவிக்கரைக் கிராமங்களிலிருந்து மருத்துவரும் பொறியியலாளரும் விரிவுரையாளரும் உருவானது அதனால்தான். ஆனால் உயர்கல்வியின் வடிவம் இன்று மாறிவிட்டது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் மாவட்டத்தின் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலும் பல கற்கைநெறிகளில், ஒரு நிறுவனத்துக்குப் போய் மாதக்கணக்கில் வேலை பழகுவது பாடத்திட்டத்தின் பகுதியாகிவிட்டது. விரிவுரை மண்டபத்தில் கழியும் மாதங்களுக்கு அரசு செலவழிக்கிறது. பயிற்சியில் கழியும் மாதங்களின் செலவோ பெரும்பாலும் வீட்டாரின் தலையில் விழுகிறது. படிப்பின் பகுதி என்று அரசே சொல்லும் ஒன்றுக்குப் பெற்றோர் கடன்படுவது இலவசக் கல்வியின் அடிப்படைக்கே முரணானது.

இந்தச் சுமை எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவாக இல்லை. கம்பஹாவில் வசிக்கும் மாணவர் காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டுக் கொழும்பு நிறுவனமொன்றில் பயிற்சி பெற்று இரவு வீடு திரும்பலாம். வெல்லாவெளியிலோ வவுணதீவிலோ இருந்து வருபவருக்குக் கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு, அலுவலகத்துக்குத் தகுந்த உடுப்பு என்று செலவு முதல் மாதத்திலேயே தொடங்கிவிடும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்ட பின்னும் மகாபொலப் புலமைப்பரிசில் இதற்கு எந்த மூலைக்கு? வாவியின் மேற்கே படுவான்கரையில் நெல்லையும் மீனையும் நம்பி வாழும் குடும்பம் மீதியை எங்கிருந்து புரட்டும்? வசதியுள்ளவர் நல்ல நிறுவனத்தைத் தேடிப் போகிறார். வசதியில்லாதவர் தன் துறைக்குப் பொருந்தாவிட்டாலும் பக்கத்தில் கிடைத்த இடத்தில் ஒப்பமிட்டு மாதங்களைக் கழிக்கிறார். பயிற்சி பெற்ற இடத்திலேயே முதல் வேலையும் கிடைப்பது வழக்கம் என்பதால், அந்தப் பயிற்சி மாதங்களின் வேறுபாடு பல ஆண்டுகளுக்குத் தொடர்கிறது.

பயிற்சிக்காலத்துக்குப் பணம் கொடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. மருத்துவப் பட்டதாரி உள்ளகப் பயிற்சியில் அரச சம்பளம் பெறுகிறார். தாதிய மாணவருக்கும், தாளங்குடாவில் உள்ளதைப் போன்ற கல்வியியற் கல்லூரிகளின் ஆசிரிய மாணவருக்கும் கொடுப்பனவு உண்டு. தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் விவசாயமும் படிப்பவருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? கட்டாயப் பயிற்சி மாணவரை வறுமையில் தள்ளுகிறது என்பதை ஏற்றுக்கொண்ட அவுஸ்திரேலியா, 2025 ஜூலை முதல் ஆசிரியம், தாதியம், சமூகப்பணி போன்ற துறைகளில் தகுதியுள்ள மாணவர்களுக்கு வாரத்துக்கு 330 டொலருக்குச் சற்று மேலான தொகையை வழங்குகிறது. பணக்கார நாட்டின் கணக்கு நமக்கு உதவாது என்றால் இந்தியாவைப் பார்க்கலாம். 2024இல் அங்கு பிரதமர் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது கொடுப்பனவு மாதம் 5,000 இந்திய ரூபாய். அதில் 4,500 ரூபாயை அரசும் 500 ரூபாயை நிறுவனமும் ஏற்றன. இருந்தும் முதற்கட்டத்தில் வாய்ப்புக் கிடைத்தவர்களில் பலர் சேரவில்லை. இடம் தூரமாக இருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தூரத்தைக் கணக்கில் எடுக்காத கொடுப்பனவு தூரத்து மாணவருக்குப் பயன்படாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

திறைசேரியில் பணமில்லை என்பது முதலில் எழும் ஆட்சேபம். 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பட்ட நாட்டில் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் பாதியை, தேவையுள்ள 500 மாணவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தால் ஆண்டுக்கு நாலரைக் கோடி ரூபாய் ஆகும். பெரிய நிறுவனங்கள் ஒரு பங்கை ஏற்றால் இன்னும் குறையும். நாலு வருடம் செலவழித்துப் படிப்பித்தவரைக் கடைசி ஆறு மாதத்தில் கைவிடுவதுதான் உண்மையான வீண்செலவு. பணம் கேட்டால் நிறுவனங்கள் மாணவரைச் சேர்க்கவே தயங்கும் என்பது அடுத்த ஆட்சேபம். சிறிய நிறுவனங்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆகவே ஓர் அரிசி ஆலையிடமோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ பங்கு கேட்கக் கூடாது. அங்கே முழுத் தொகையும் அரசிடமிருந்தே வர வேண்டும்.

பணத்தோடு இடமும் வேண்டும். 1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை போன்ற பெரிய தொழிற்சாலைகள் போரில் முடங்கிய பின், பயிற்சி என்றாலே கொழும்பு என்ற எண்ணம் ஊறிவிட்டது. மென்பொருள் போன்ற துறைகளுக்கு அது இன்றும் ஓரளவு பொருந்தும். அந்த மாணவருக்குத் தங்குமிடச் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் நீர்வாழுயிரின வளர்ப்பையும் வாவியின் நீர்த்தரத்தையும் வயலின் நீர் முகாமைத்துவத்தையும் கற்பவருக்கு இந்த வாவியைவிட நல்ல பயிற்சிக்களம் கொழும்பில் இல்லை. பாசிக்குடா ஹோட்டல்கள், போதனா வைத்தியசாலையின் நிர்வாகப் பிரிவு, மாவட்டத்தின் 14 பிரதேச செயலகங்கள் எல்லாமே முறையாகப் பயிலுனரை ஏற்கக்கூடியவை. இங்கெல்லாம் பயிற்சியின் தரம் குறையும் என்ற கவலை நியாயமானது. தரத்தைக் காப்பது மேற்பார்வை. நாட்குறிப்பில் மாத முடிவில் இடப்படும் ஓர் ஒப்பம் மேற்பார்வை ஆகாது. விரிவுரையாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு அவருக்குப் பயணப்படி வேண்டும், பாடநேரத்தில் குறைப்பு வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குக் கிழக்குப் பல்கலைக்கழகமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் முன்வைக்கும் கோரிக்கையில், மாணவர் கொடுப்பனவோடு இந்தச் செலவும் தனித் தலைப்பாக இடம்பெற வேண்டும்.