தாழ்ந்தும் நிலைகுலையாத வண்டி

மனிதன் இயல்பாகவே உயரத்தை விரும்புகிறவன். வீடு கட்டினால் அயல்வீட்டிலும் ஒரு சாண் உயரவேண்டும். மதில் கட்டினாலும் அவ்வாறே. அப்படியிருக்க, நல்ல நிலையிலுள்ள பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, பணத்தையும் பல வார உழைப்பையும் செலவிட்டு, அதன் முகத்தை நிலத்தை நோக்கி இரண்டரை அங்குலம் இறக்கிவிட்டு மகிழ்கிறவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நகைத்து முடிந்தபின் சற்றே குனிந்து அவ்வண்டியின் அடியிற் பார்ப்போமாயின், அங்கே பௌதிக பாடம் ஒன்றும் சரித்திர பாடம் ஒன்றும் நமக்குக் கிடைக்கும்.

அமெரிக்க நாட்டின் செவர்லே பிக்கப் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். 1960ஆம் ஆண்டுக்கு முன்னர் அவ்வண்டியின் முன்சில்லுகள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளிற் பூட்டப்பட்டிருந்தன. ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். சாரதியின் முதுகெலும்பு அதற்குச் சாட்சி சொல்லும். 1960இல் வெளிவந்த சி 10 என்னும் வண்டியிலேதான் ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. முதல் மூன்று வருடங்கள் பாரத்தை முறுக்குக் கம்பிகள் தாங்கின. நம் நாட்டார் நன்கறிந்த மொறிஸ் மைனர் காரின் முன்புறத்தில் இருப்பதும் இத்தகைய முறுக்குக் கம்பியே. 1963இல் அதனிடத்தைச் சுருள்வில் பிடித்துக்கொண்டது.

இவ்வமைப்பை மனக்கண்ணிற் காண்பது கடினமன்று. வண்டியின் அடிச்சட்டகத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு இரும்புக் கைகள் வெளியே நீளுகின்றன. அவற்றின் நுனிகளை நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்புத் துண்டு இணைக்கிறது. அதன் பெயர் ஸ்பிண்டில். அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முளையிலேதான் சில்லு சுழல்கிறது. கீழ்க்கைக்கும் சட்டகத்துக்கும் இடையில், அமுக்கப்பட்ட நிலையில் சுருள்வில் அமர்ந்திருக்கிறது. கை மிஞ்சி மேலே எழுந்தால், இரும்போடு இரும்பு மோதாமல் ஒரு றப்பர்த் தடுப்பு அதை ஏற்றுக்கொள்ளும்.

இனி, வண்டியைத் தாழ்த்துவதற்குக் காரணம் என்ன? அழகு என்பதே முதற் காரணம். அதை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் அழகோடு ஒரு நன்மையும் உண்டு. வண்டி வளைவிலே திரும்பும்போது அதன் பாரம் உட்புறச் சில்லுகளிலிருந்து வெளிப்புறச் சில்லுகளுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. அம்மையம் 25 அங்குல உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், முன்னும் பின்னும் இரண்டரை அங்குலம் தாழ்த்திய வண்டியில் அப்பார மாற்றம் பத்தில் ஒரு பங்கு குறையும். முட்டி தலையில் இருக்கும்போது வளைந்து ஓடுவதிலும் இடுப்பில் இருக்கும்போது ஓடுவது எளிதல்லவா?

தாழ்த்துவதற்கு வழிகள் பல. அவற்றுள் மலிவானது சுருள்வில்லின் ஒரு சுற்றை வெட்டி எறிவது. ஓர் அரவாளும் அரை மணி நேரமும் போதும் என்று இளைஞர் நினைப்பர். கணக்குத் தெரிந்தவர் அப்படி நினையார்.

சுருள்வில் அமுங்கும்போது உண்மையில் அதன் கம்பி முறுகுகிறது. பத்துச் சுற்றுகள் உள்ள வில்லில், பாரத்துக்கு இடங்கொடுக்கும் வேலையைப் பத்துச் சுற்றுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றை வெட்டினால் ஒன்பதே எஞ்சும். ஆகவே வில் விறைக்கும். முன்பு ஓர் அங்குலம் அமுங்குவதற்கு 400 இறாத்தல் வேண்டியிருந்தால், இப்போது ஏறக்குறைய 444 இறாத்தல் வேண்டும். இது முதலாவது மாற்றம்.

இரண்டாவது, நெம்புகோலின் தந்திரம். வில் கீழ்க்கையின் நுனியில் அமர்ந்திருப்பதில்லை, உட்புறமாகவே இருக்கிறது. அது கையின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், வில்லில் ஓர் அங்குலம் குறைத்தவன் சில்லில் இரண்டு அங்குலம் குறைத்தவனாவான். இதையறியாது, ‘இரண்டு அங்குலம் இறங்கட்டும்’ என்று இரண்டு அங்குலத்தையும் வில்லிலேயே குறைத்தவர்கள், வண்டி எதிர்பார்த்ததிலும் இருமடங்கு இறங்கியது கண்டு திகைத்திருக்கிறார்கள்.

மூன்றாவதே பெருங்கேடு. வில் குறுகியதும் கைகள் மேல்நோக்கிச் சாய்கின்றன. றப்பர்த் தடுப்புக்கும் கைக்கும் இடையே இருந்த வெளி சுருங்குகிறது. சில்லு மூன்று அங்குலம் எழும்ப இடமிருந்த வண்டியில் இரண்டு அங்குலத்தைத் தாழ்வுக்கே செலவிட்டால், பள்ளத்துக்கென்று மிஞ்சுவது ஓரங்குலந்தான். விறைத்த வில்லும் குறுகிய இடமும் சேர, ஒவ்வொரு குழியும் சட்டகத்தைச் சம்மட்டியால் அடிப்பது போலாகும். சில்லுகளின் மேற்பாகம் உட்புறம் சாய்வதால் ரயரின் உள்விளிம்பும் விரைவிலே தேய்ந்துவிடும். வில்லை வெட்டாமல் தீயாற் காய்ச்சி அமர்த்துவோர் செய்யும் பிழை இதனினும் பெரிது. பதம் ஏற்றிய உருக்குச் சிவக்கக் காய்ந்தால் பதம் இழக்கும். பிறகு அது எப்போது, எவ்வளவு தொய்யும், எங்கே முறியும் என்று எவராலும் சொல்ல முடியாது.

நுட்பம் அறிந்தவர்கள் கைக்கொள்ளும் வழி வேறு. அவர்கள் வில்லைத் தொடுவதில்லை, ஸ்பிண்டிலை மாற்றுகிறார்கள். புதிய ஸ்பிண்டிலில், சில்லைத் தாங்கும் முளை பழையதிலும் இரண்டரை அங்குலம் மேலே அமைந்திருக்கும். சில்லு தெருவை விட்டு எழாது. ஆதலால் வண்டியே இரண்டரை அங்குலம் கீழே இறங்கும். கைகளின் சாய்வும் வில்லின் நீளமும் றப்பர்த் தடுப்புக்குள்ள இடைவெளியும் முன்பு இருந்தவாறே இருக்கும். பார்வைக்குத் தாழ்ந்த வண்டி, ஓட்டத்தில் பழைய வண்டியாகவே ஓடும்.

இதற்கும் விலை உண்டு. சில்லின் விளிம்பு சிறிதாயின் உள்ளேயுள்ள பாகங்களில் உரசும். ரயர் மட்காட்டுக்கு அருகே வருவதால், முழுவதும் ஒடித்துத் திருப்பிப் பார்த்து இடம் போதுமா என்று உறுதி செய்யவேண்டும். 1971இல் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் வந்தது. அதற்கு முந்திய வண்டியாயின், ஸ்பிண்டிலோடு பிறேக்கையும் புதிதாக்கிக்கொள்வது பலருடைய வழக்கம். எவ்வழியால் இறக்கினாலும் சில்லுகளின் கோணங்களை மீண்டும் அளந்து சரிப்படுத்தல் வேண்டும். முன்புறம் மட்டும் இறங்கியிருந்தால் முகப்பு விளக்குகளின் ஒளியும் அருகிலேயே விழும், அதையும் நிமிர்த்தவேண்டும். இருட்டிலே ஓட்டிப் பார்க்கும்வரை இது பலருக்கு நினைவு வருவதில்லை.

இங்கே இளைஞருக்கு ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன 400 இறாத்தல் வில் நாலு அங்குலம் அமுங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். அதனுள் அடங்கியிருக்கும் சக்தி, பத்து இறாத்தல் கல்லொன்று 26 அடி உயரத்திலிருந்து விழுந்து நிலத்தைத் தொடும்போது கொண்டிருக்கும் சக்திக்கு ஏறக்குறைய ஒப்பானது. கீழ்க்கையைத் தாங்கிப் பிடிக்காமல் போல் ஜொயின்ற்றைக் கழற்றுகிறவன் அந்தக் கல்லின்கீழ் முகத்தை நீட்டுகிறான். வில்லை அதற்குரிய கருவியால் அடக்கிக் கட்டிய பின்னரே கழற்றவேண்டும். மேலும், ஜக்கு என்பது வண்டியை உயர்த்துவதற்கு மட்டுமே. உயர்த்திய வண்டியைத் தாங்குவதற்கு உறுதியான தாங்கிகள் வேறாக உண்டு. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின்கீழ்ப் புகுந்தவனுக்கு, அது நழுவினால் இரண்டாவது வாய்ப்பில்லை. பெற்றோர் எதை மறந்தாலும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறத்தலாகாது.

சரித்திரத்துக்கு வருவோம். இரண்டாவது உலகப் போர் முடிந்த காலத்தில், கலிபோர்ணியாவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழ்ந்த மெக்சிக்க வம்சத்து அமெரிக்க இளைஞர்கள் பழைய கார்களை வாங்கித் தாழ்த்தத் தலைப்பட்டனர். வில்லை வெட்டினார்கள், பின்பெட்டியில் மணல் மூடைகளை ஏற்றினார்கள். மற்றவர்கள் வேகத்துக்காகக் காரைத் திருத்திய காலத்தில், இவர்கள் மெதுவாகப் போவதற்கென்றே திருத்தினார்கள். மாலை வேளைகளில் குடும்பத்தோடும் தோழரோடும் வீதியிலே நிதானமாக உலாவருவது அவர்களுக்கு ஒரு கொண்டாட்டம். ‘நாங்களும் இந்நகரத்தார்’ என்று சொல்லாமற் சொல்லும் முறையும் அதுவே.

அரசு அதை வேறு கண்ணாற் பார்த்தது. சில்லு விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எப்பாகமும் தாழ்ந்திருத்தல் கூடாதென்று, 1958 சனவரி முதலாந் திகதி தொடக்கம் கலிபோர்ணியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதற்கு விடையும் பிறந்தது. ரொன் அகீரே என்னும் இளைஞர் 1957ஆம் வருடத்துக் கோர்வெற் காரொன்றில் எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் உருளைகளைப் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் தாழும். பொலிசார் தோன்றினால் சட்டத்துக்கு உட்பட்ட உயரத்துக்கு எழும்பும்! அன்று தொடங்கிய இழுபறி பல தலைமுறைகளைக் கடந்தது. அந்த உயரத் தடையும், உலாவருவதைத் தடுக்க ஊராட்சிகளுக்கு இருந்த அதிகாரமும் 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டு, 2024 சனவரி முதலாந் திகதியோடு ஒழிந்தன. பேரர்கள் ஓட்ட, பாட்டன்மார் அருகிலிருந்து உலாவரும் காலம் வந்துவிட்டது.

தடை நீங்கியதாற் பௌதிக விதி நீங்கிவிடவில்லை. அரசாங்கம் அறுபத்தாறு வருடங்களிற் சட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். சுருள்வில் தன் கணக்கை மாற்றிக்கொள்ளாது. மாணவ நேயர்களே, அடுத்த முறை ஒரு கராஜில் முன்சில்லுக் கழற்றிய வண்டியைக் கண்டால், வேலை செய்பவரிடம் அனுமதி கேட்டு, தள்ளி நின்றே உள்ளே பாருங்கள். மேற்கை எது, கீழ்க்கை எது, ஸ்பிண்டில் எது என்று அடையாளங் காணுங்கள். வில் கீழ்க்கையின் எவ்விடத்தில் அமர்ந்திருக்கிறது என்று கண்ணளவால் மதித்து, அங்கே ஓர் அங்குலம் குறைந்தால் சில்லில் எவ்வளவு குறையும் என்று வீட்டிற்கு வந்து கணக்கிடுங்கள். அரவாளை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால், பிற்காலத்தில் எந்த வண்டியும் உங்கள் கையிற் பழுதாகாது.